நான் பார்க்காத கடைசி இரண்டு நிமிடங்கள்

வோபர்ன், ஸ்காபரோ
திங்கட்கிழமை

அன்பு மகள் றெபேக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் இரண்டு நாளாகச் சொல்வழி கேட்பதில்லை, அதற்குக் காரணம் நீதான், பிறகு சொல்கிறேன். நீயும் அங்கே அயோவாக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் நினைக்கிறோம். போனில் சொல்ல வாய் வராத விசயம் ஒன்று இருப்பதால் அம்மா அனுப்பும் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதை வைக்கிறேன்.

சனிக்கிழமை உங்கள் கல்லூரி அமெரிக்கன் புட்போல் அணியின் பிளேஓவ் ஆட்டம், தோற்றால் வெளியே போகிற ஆட்டம், பார்க்க அன்புராசா அண்ணையும் வந்திருந்தார், கோடையில் எங்கள் ஊர் ஒன்றிய விளையாட்டுப் போட்டியில் என்னோடு கிளித்தட்டு மறிக்கிறவர்தான். தோற்றால் உன்னையும் சேர்த்துத் தடுப்புப் பக்கத்துப் பயிற்சியாளர்கள் எல்லோரையும் மாற்றிவிடுவார்கள் என்று நீ நத்தாருக்குப் போனில் சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இங்கே மார்க்கம் நகரில் நல்ல இன்சூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு, பெடியன்கள் இடிபடும் விளையாட்டுக்குத் திட்டம் எழுதப் போகிறாய் என்று ஒரு வருடம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாத மனிதன்தான் நான். ஆனாலும் நீ பெட்டியோடு திரும்பி வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை போன் எடுத்து, "எல்லாரையும் விட்டு அந்தப் பந்து எறியிறவனை அமத்துங்கோ, அவனை யோசிக்க விடாதேங்கோ" என்று ஒரு மணித்தியாலம் அறிவுரை சொன்னேன். நீ "ஓம் அப்பா, பாப்பம்" என்றதோடு சரி.

நான்கு புள்ளி முன்னுக்கு நின்றீர்கள், இரண்டு நிமிடம் மிச்சம், எதிரணிக்கு ஏறக்குறைய முழு மைதானமும் கடக்கக் கிடந்தது. பார்த்தால் எறிகிறவனைப் பிடிக்க மூன்று பேர்தான் ஓடுகிறார்கள், மற்ற எட்டுப் பேரும் பின்னால் போய் நிற்கிறார்கள். அவன் ஆறுதலாக நின்று எட்டு யார் தூரம், பத்து யார் தூரம் என்று எறிய, உங்கள் பெடியன்கள் பிடிக்க விட்டுவிட்டுப் பிறகு விழுத்துகிறார்கள். "சும்மா தூக்கிக் குடுக்கிறாளே" என்று கத்தினேன். அன்புராசா அண்ணை, "பொறு றெமி, உவள் கணக்காத்தான் செய்யிறாள்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பனி தள்ளப் போய்விட்டேன். எங்கள் டிரைவ்வே முடிந்து பக்கத்து வீட்டு டிரைவ்வேயும் முடிந்தது, முழங்காலுக்கு வந்த வினை அதுதான். நீ வந்தால் உன் அறையில் இருக்கும் அம்மாவின் தையல் மெசினை எங்கே தூக்கி வைப்பது என்று யோசித்தபடியே தள்ளினேன்.

அம்மா கதவைத் திறந்து, "இஞ்சருங்கோ, பிள்ளை வெண்டிட்டாள்" என்றபோது பனி தள்ளும் சவலைக் கீழே போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே அழுதேன். உள்ளே வந்த பிறகு அண்ணைதான் விளங்கப்படுத்தினார். பந்தைப் பிடித்தவன் மைதானத்தின் ஓரக் கோட்டைத் தாண்டினால் மணிக்கூடு நிற்குமாம், அதனால் ஓரத்தை அடைத்து, நடுவில் மட்டும் சின்னச் சின்னதாகக் கொடுத்து நேரத்தை ஓட விட்டிருக்கிறாய். பத்து யார் தூரம் மிச்சம் இருக்கும்போது நேரம் முடிய, கடைசி எறியைக் கோட்டடியில் நின்ற உங்கள் பெடியன் தட்டிவிட்டானாம். "போன கோடையில நீ விட்ட பிழையை அவள் விடேல்லை" என்றும் சொன்னார். கிளித்தட்டில் எல்லோரையும் மறிக்க வேண்டிய கிளியாக நின்ற நான் ஒருவனையே துரத்திக்கொண்டு ஓட, பின்னால் மூன்று பேர் தட்டைக் கடந்தார்களே, லீவில் வந்த நீதானே வேலியோரம் பார்த்துக்கொண்டு நின்றாய். என் பேச்சைக் கேட்காததற்கு உனக்கு நன்றி மகள், நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

நேற்றுப் பூசை முடிய எல்லோரும் கைகொடுத்தார்கள். அந்தக் கடைசி எறியை நான் கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டினேன், அம்மா பின்னால் நின்று கிள்ளினாள். உனக்கும் போனில் "முழுக்கப் பாத்தனான் பிள்ளை" என்றேன். அது பொய். உன்னை நம்பாமல் எழும்பிப் போனேன், நீ இன்சூரன்ஸ் வேலையை விட்டபோது நம்பாதது முதல் தடவை, இது இரண்டாம் தடவை. வருகிற சனிக்கிழமை பனி எவ்வளவு கொட்டினாலும் கொட்டட்டும், வென்றாலும் தோற்றாலும் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன்.

அந்தோனியார் உனக்குத் துணை நிற்பார், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கும். தூள் போத்தலை இறுக்கி மூடி வை, ஈரக் கரண்டி போடாதே.

அன்பு அப்பா,
றெமிஜியஸ்

பி.கு. தையல் மெசினை நகர்த்தவில்லை. உன் அறையிலேயே இருக்கட்டும்.