ஒற்றைத் தும்மலுக்கு பஸ் நகராது

4 நவம்பர் 2024, திங்கள்

பால் இரண்டு பாக்கெட். துளசிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. சிலிண்டர் மாற்றியது நேற்று. இவருக்குத் தும்மல், வீட்டில் மட்டும், ஏழு.

இன்றிலிருந்து தும்மலுக்கும் ஒரு பத்தி போட்டுவிட்டேன். சிலிண்டர் தேதியை எழுதுகிறவள் இதை விடலாமா? சளி பிடித்துப் பத்து நாளாகிறது. மழைச் சளி என்கிறார். மழை நின்றே ஆறு நாளாகிறது.

ஊரில் யாருக்குத்தான் தும்மல் வராது? ஆனால் இவர் திருமலை பஸ் ஓட்டுகிறவர். காலை ட்ரிப்பில் மலையடிவாரத்து அலிபிரியில் வண்டியைக் கிளப்பும்போது ஒரே ஒரு தும்மல் போட்டிருக்கிறார். கல்யாணக் கோஷ்டி ஒன்று உட்கார்ந்திருந்ததாம். "டிரைவரே தும்மிக்கினாரு, எறங்குங்கடி எல்லாரும்!" என்று ஓர் அம்மாள் எழுந்துவிட்டாள். ஐம்பது பேரும் இறங்கி, தண்ணீர் குடித்து, சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ ஒரு பெரியவர், "ஒத்தத் தும்மல்தான் ஆகாது. ரெண்டா வந்தா க்ஷேமம். இன்னொண்ணு போடுங்க சாமி" என்றாராம். வேண்டும்போது வருமா அது? இவர் சூரியனைப் பார்த்தார், மூக்கைத் தேய்த்தார், வரவில்லை. கடைசியில் அந்தப் பெரியவரே மடியிலிருந்து மூக்குப்பொடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். மூன்று வந்தது. ஆக நான்கு, இரட்டைப்படை. கோவிந்தா போட்டு ஏறினார்கள். இருபத்தைந்து நிமிஷம் தாமதம்.

கண்டக்டர் தமிழரசு வீடு வரை வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை.

5 நவம்பர், செவ்வாய்

தும்மல் ஒன்பது.

வேண்டிக்கொண்டேன். பெருமாளே, இந்தத் தும்மல் நின்றால் இவர் உனக்கு மொட்டை போடுவார். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

7 நவம்பர், வியாழன்

டிப்போ மேனேஜர் பிரபாகர் இவரைக் கூப்பிட்டிருக்கிறார். இந்த வாரத்தில் மூன்று தரம் பஸ் தாமதம், மூன்றும் தும்மலால். "சூடண்டி, பாருங்க கோவர்த்தனன் காரு, தும்மலுக்கு நான் ரிப்போர்ட்ல இன்னான்னு எழுதறது? டிசம்பர் ரெண்டு வரைக்கும் பாக்கறேன். அப்புறம் சித்தூர் லைன்தான்."

சித்தூர் லைனில் என்ன குறை? ஒன்றுமில்லை. சமதளம், நல்ல ரோடு. ஆனால் இவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, படி ஏற முடியாது. பன்னிரண்டு வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஏழுமலையையும் ஏறிக்கொண்டிருக்கிறார். வேலை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "மலைக்குப் போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்வார். இன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "ரிடையராக இன்னும் ரெண்டு வருஷம். அதுகூட வாணாம்னுட்டாரா சாமி?" என்றார்.

தட்டை அப்படியே எடுத்து வைத்தேன். இதை நான் சரிசெய்யாமல் யார் செய்வது?

8 நவம்பர், வெள்ளி

மருந்துக் கடையில் சளிக்கு மஞ்சள் மாத்திரை, இருமலுக்கு சிரப், தும்மலுக்கு ஒரு குட்டி வெள்ளை மாத்திரை. மூன்றுக்கும் மூன்று. சரியாகத்தானே இருக்கிறது?

சிரப்போடு பிளாஸ்டிக் மூடி ஒன்று தந்தார்கள். யார் தொட்டதோ. பூஜை உத்தரணியைக் கழுவி அதில் கொடுத்தேன். தீர்த்தம் போல மூன்று முறை. ஒரு முறை கொடுத்து நிறுத்துவது எனக்கு வராது. இவரும் வலக் கையைக் குழித்து வாங்கிக் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார்! பழக்கம். தலையெல்லாம் பிசுபிசு.

9 நவம்பர், சனி

தும்மல் இரண்டே இரண்டு. மருந்து வேலை செய்கிறது. கோவிந்தா.

மத்தியானம் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார். பாவம், அசதி.

10 நவம்பர், ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

தும்மல் பூஜ்யம். பூஜ்யம் என்று காலையில் எவ்வளவு சந்தோஷமாக எழுதினேன்! பத்து மணிக்கு தமிழரசு போன். "அக்கா, பதறாதீங்க. அண்ணன் டிப்போ பெஞ்சுல சாவியக் கையில வெச்சிக்கினு தூங்கறாரு. எழுப்பினா, 'ரோடு ரெண்டா தெரியுதுடா, நான் ஓட்டல'ன்னு சொல்லிட்டு மறுபடியும் தூங்கறாரு. வேற டிரைவர் வண்டிய எடுத்துக்கினு போய்ட்டாரு."

ரோடு ரெண்டா தெரியுதாம். மலை ரோடு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல. அம்பது பேரு, கைக்கொழந்தைங்க – இவரு மட்டும் தைரியமா ஏறி உக்காந்திருந்தா? ஐயோ, நான் இன்னா பண்ணி வெச்சிருக்கேன்?

தும்மினால் பஸ் நகராது. தும்மாவிட்டால் ஓட்டுகிறவரே நகர மாட்டார். சாமி, இதில் எது மேல்?

11 நவம்பர், திங்கள்

சித்தூரில் நர்சிங் படிக்கும் எங்கள் பெண் காவ்யாவுக்கு வேறு வழியில்லாமல் சொன்னேன். அவள் போட்ட கூச்சலில் பூனை ஓடிவிட்டது.

"நைனாவுக்கு இன்னா குடுத்த? மூணு அட்டையும் எடுத்து, பெரிய எழுத்த வுட்டுட்டு அடியில இருக்கற பொடி எழுத்தப் படிம்மா."

பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பள்ளியில் படித்தது எட்டு வரை, தெலுங்கில். தமிழ் எழுத்து காலண்டர் தாளைக் கிழித்துக் கிழித்துக் கற்றது. இங்கிலீஷ், காவ்யாவின் பழைய புத்தகங்களில். மஞ்சள் மாத்திரையில் எறும்பு அளவில் குளோர்பெனிரமின். சிரப்பில் – குளோர்பெனிரமின். வெள்ளை மாத்திரையில் – அதேதான்! மூன்று பெட்டி, மூன்று நிறம், மூன்று பெயர், உள்ளே இருப்பவர் ஒருவரே. ஆயிரம் நாமம் தினமும் சொல்கிறவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? பெருமாளுக்கு எத்தனை நாமம் சொன்னாலும் நல்லது. மருந்துக்கு அப்படி இல்லை.

"அதுதான் தூக்கம் வரவெக்கறது. சிரப்ப எதுல அளந்த?"

உத்தரணி என்றேன்.  அந்த உத்தரணியை பிளாஸ்டிக் மூடியால் அளந்து பார்க்கச் சொன்னாள். ஒரு உத்தரணி ஏழு மில்லி. மூன்று, இருபத்தொன்று. கடைக்காரர் சொன்னது ஐந்து.

உத்தரணியைப் புளி போட்டுத் தேய்த்துப் பூஜையில் திரும்ப வைத்தேன். சாமி எதிரில் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன்.

13 நவம்பர், புதன்

இன்னொன்று. டிப்போவில் பிபி பார்த்தார்கள். நூற்றறுபது. மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். காவ்யா சொல்கிறாள், மூக்கடைப்பை விடுவிக்க மஞ்சள் மாத்திரையில் வேறொரு மருந்தும் சேர்ந்திருக்கிறது, அது பிபியை ஏற்றும், பிபிக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று. "கடையில நைனாவுக்கு பிபி இருக்குன்னு சொன்னியா?"

கடைக்காரர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

மூன்றையும் நிறுத்தியாயிற்று. தும்மல் பதினொன்று. பஸ் தாமதம் பதினைந்து நிமிஷம். அந்த மூக்குப்பொடிப் பெரியவர் மாதிரி எல்லா நாளும் யார் வருவார்கள்? நானே ஒரு பொட்டலம் மிளகுத்தூள் மடித்து இவர் சட்டைப் பையில் வைத்தேன். ஒற்றை வந்தால் முகர்ந்து இரட்டையாக்கிக்கொள்ளலாம்.

எழுதிய பிறகு படித்துப் பார்க்கிறேன். தும்மலை நிறுத்த ஒரு வாரம் அலைந்தவள் தும்மலுக்குப் பொடி கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

16 நவம்பர், சனி

டாக்டரிடமே போனோம். பிபி மாத்திரை அட்டையை முதலில் மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சளி என்று ஒன்றும் இல்லையாம், ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்றார். தூக்கம் அதிகம் தராத மாத்திரை, நாளைக்கு ஒன்று. "ஆனாலும் முதல் மூன்று நாள் வண்டி எடுக்காதீர்கள். உடம்புக்கு உடம்பு மாறும்." எதனால் தும்மல் வருகிறது என்று கவனிக்கச் சொன்னார். அது என் வேலை.

மூன்று நாள் லீவு. அரை மணிக்கு ஒருதரம், "தூக்கம் வருதா?" என்று கேட்டு எழுதினேன்.

"வர்ல."

"இப்போ?"

"நீ கேட்டுக்கினே இருந்தா எங்க வரும்?"

18 நவம்பர், திங்கள்

தூக்கம் இல்லை. ஆனால் மாத்திரையால் குணமும் இல்லையே என்று காவ்யாவைக் கேட்டேன். எதோடு கொடுக்கிறாய் என்றாள். தெம்புக்கு சாத்துக்குடி ஜூஸோடு. பழச்சாறு சேர்ந்தால் அந்த மாத்திரை உடம்பில் சரியாக ஏறாதாம். வெறும் தண்ணீர்தான்.

நான் அன்பாகச் செய்தது ஒன்றாவது இந்த மனுஷருக்கு ஆகியிருக்கிறதா?

20 நவம்பர், புதன்

தண்ணீர். வீட்டில் தும்மல் நான்கு. சாத்துக்குடியை நான் தின்றேன்.

23 நவம்பர், சனி

இன்று பத்தியை இரண்டாகப் பிரித்தேன். மேலே ஏறும்போது, கீழே இறங்கும்போது. நான்கு நாளாக எண்ணி வைக்கச் சொல்லியிருந்தேன் தமிழரசுவை. மேலே: 1, 1, 1, 1. கீழே: 9, 12, 8, 14.

அதே பஸ், அதே மலை, அதே மூக்கு. இறங்கும்போது மட்டும் ஏன்? மலையிலிருந்து எது இவரோடு கூட வருகிறது?

24 நவம்பர், ஞாயிறு

நானே போனேன். சேவித்துவிட்டு இவர் பஸ்ஸிலேயே இறங்கினேன். டிரைவருக்குப் பின் வரிசை.

ஆறு வரிசைக்கு மொட்டைகள். குடும்பம் குடும்பமாக, பச்சைக் குழந்தை முதல் பாட்டன் வரை, பளபளவென்று, எல்லாத் தலையிலும் சந்தனம். ஏறும்போது ஈரம். இரண்டாவது வளைவுக்குள் காற்றில் காய்ந்துவிட்டது. மூன்றாவது வளைவில் ஜன்னல் வெயிலில் பார்த்தேன் – மஞ்சளாகப் புகைபோலத் தூள் பறந்து முன்னால் வருகிறது. கண்ணாடிமேல், ஸ்டியரிங்மேல், இவர் மீசைமேல். அச். அச். அச். வண்டியை ஓரம் கட்டி, தும்மி முடித்து, மறுபடி எடுக்கிறார். மொட்டைகளெல்லாம் ஒன்றாகக் கழுத்தை நீட்டி எண்ணுகின்றன.

பதினாறு வரை எண்ணினேன். பிறகு எண்ண முடியவில்லை. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

பெருமாளே, உன்மேல் குறை சொல்லவில்லை. கடைத்தெருவில் அரைக்கிற அந்தத் தூளில் எத்தனை பங்கு சந்தனம் என்று உனக்கே தெரியும்.

25 நவம்பர், திங்கள்

விடிகாலையில்தான் மீதி புரிந்தது. ஏறும்போது வருகிற அந்த ஒரு தும்மல் எங்கிருந்து?

டியூட்டியோ லீவோ, தினமும் காலையில் இவர் நெற்றியில் மலைச் சந்தனம் குழைத்து வைக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக. அக்டோபரில் பழைய டப்பா தீர்ந்து, புது டப்பா உடைத்தேன். வீட்டிலிருந்து அலிபிரி போவதற்குள் அது காய்ந்து, பஸ்ஸைக் கிளப்பும் நேரத்துக்கு மூக்கில் உதிர்கிறது.

ஐம்பது பேரைப் பஸ்ஸைவிட்டு இறக்கி உட்கார வைத்தது நான்.

இவரிடம் சொன்னேன்.  "சாமி சந்தனம் ஒத்துக்கலன்னு வெளிய சொல்லாத துர்கா. நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?" என்றார். பிறகு அவரே, "குங்குமம் வெய்யி" என்று நெற்றியைக் காட்டினார்.

27 நவம்பர், புதன்

குங்குமம். இறங்கும்போது மூக்குக்கு மாஸ்க். ட்ரிப் முடிந்ததும் ஈரத் துணியால் தமிழரசு முன்பக்கம் துடைக்கிறான். மேலே: 0. கீழே: 1.

28 நவம்பர், வியாழன்

0. 0. டாக்டரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினோம்.

30 நவம்பர், சனி

வேண்டுதலை இன்றுதான் சொன்னேன். "மொட்டையா? எனக்கா? கேக்காம வேண்டிக்கினியா?" என்றார். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே மலைக்கு வந்தார்.

மொட்டை போட்டு வெளியே வந்ததும் சந்தனக் கிண்ணத்தோடு நான்கு பேர் ஓடி வந்தார்கள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். "அம்மா, காசு வாணாம்மா, சும்மா தடவிக்கட்டும்!" "வேணாம்ப்பா, எட்டப் போ!" ஊரே திரும்பிப் பார்த்தது. புருஷனைச் சாமி சந்தனத்திலிருந்து காப்பாற்றிக் கூட்டிவந்தவள் இந்த மலையில் நான் ஒருத்திதான் இருப்பேன். தேங்காய் எண்ணெய் தடவி அழைத்து வந்தேன்.

2 டிசம்பர், திங்கள்

கெடு நாள். பெருமாளுக்கு நன்றி சொல்லலாம் என்று காலை ட்ரிப்பில் நானும் ஏறினேன். அலிபிரியில் மேனேஜர் பிரபாகர் தாமே ஏறி முதல் சீட்டில் உட்கார்ந்தார். மழையில் நனைந்திருந்தார். இவர் மொட்டையைப் பார்த்தார். கையில் கடிகாரம்.

இவர் சாவியைத் திருகினார். பஸ் உறுமியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அச்!

ஒற்றை. கண்ணைத் திறந்தால், தும்மியவர் மேனேஜர்.

 பின்னால் ஒருவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மேனேஜர் மூக்கைத் தேய்க்கிறார், மேலே பார்க்கிறார், இன்னொன்று வரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. கடிகாரம் ஓடுகிறது.

அப்போது டிரைவர் சீட்டிலிருந்து கணீரென்று ஒன்று வந்தது – அச்!

"ரெண்டு!" என்றது பஸ். "கோவிந்தா!" என்றது. எழுந்தவர் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. சரியான நேரம்.

முதல் வளைவு தாண்டியதும் மேனேஜர் மெல்லத் திரும்பி, "அம்மா, சாருக்கு எந்த மாத்திரை குடுத்தீங்க?" என்றார்.

"மொதல்ல உங்களுக்கு பிபி இருக்கா, சொல்லுங்க சார்" என்றேன்.

கண்ணாடியில் இவர் என்னைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷமாக இவர் தும்மலைக் கேட்கிறேன். எது மூக்கிலிருந்து வந்தது, எது வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

பால் இரண்டு பாக்கெட். தும்மல், மேலே: 0. கீழே: 0.