உன் வாந்திக்கு நாங்கள் வைத்த பேர்

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்காக உன் வீட்டு வாசலில் சமையல் நடந்தது. லெமன் சாதத்துக்குத் தாளிக்கிற வாசனை வந்ததும் என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து தெருமுனை வரை போய் நின்றேன். உன் மகள் பின்னாலேயே வந்தாள். “பெரிம்மா, படையல்ல அம்மாவுக்குப் புடிச்சது வெக்கணும்னு சொல்றாங்க. அம்மாவுக்கு இன்னா புடிக்கும்?” என்று கேட்டாள். நீ ஆசையாகச் சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லையாம். எனக்குத் தெரியும். இருந்தும், “வடை பாயசம் வெச்சிடும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

லெமன் சாதம் என்றால் உனக்கு உயிர். கம்பெனியில் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே டப்பாவை லேசாகத் திறந்து மோந்து பார்ப்பாய். “நாய் ஜென்மம்டி நீ” என்பேன். “நாய்க்குத்தான்டி சோத்தோட அருமை தெரியும்” என்பாய்.

அது 1991. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த வருஷம். ஊரெல்லாம் போலீஸ் ஜீப், விசாரணை. எல்லோருக்கும் அதே பேச்சு, அதே பயம். பிள்ளைப்பாக்கத்திலிருந்து நாம் இரண்டு பேர்தான் ஏரிக்கரை வழியாக மெயின் ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்து அந்தச் சின்ன கம்பெனிக்குப் போவோம். பிரஸ் மெஷினில் ஏழுமலை தகரத்தை வெட்டித் தள்ளுவார். துண்டுகளின் ஓரத்தை அரம் வைத்துத் தேய்ப்பது நம் வேலை.

ஆடி மாதத்தில் ஒரு நாள், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஏழுமலையின் கை உள்ளே இருக்கும்போதே மெஷின் இறங்கிவிட்டது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினேன். “வெரல எடுத்துக்கினு போனா தெச்சிடலாம், எவனாச்சும் ஒரு டப்பா கொண்டாங்கடா!” என்று சூப்பர்வைசர் அலறினார். ஒருத்தரும் அசையவில்லை. நீ உன் டிபன் டப்பாவைத் திறந்து லெமன் சாதத்தைத் தரையில் கொட்டினாய். இரண்டு விரல்களையும் உன் கையாலேயே பொறுக்கிப் போட்டு மூடினாய். மெட்ராஸ் ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த டப்பா உன் மடியில்தான் இருந்தது. தைக்க முடியவில்லை. டப்பாவை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்தார்களாம்.

தெரிந்தால் வேலைக்கு அனுப்பமாட்டார்கள் என்று நீ வீட்டில் மூச்சு விடவில்லை. மறுநாள் உன் அம்மா அதே டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்தாள்.

கம்பெனியில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். உடனே எழுந்து பின்பக்கம் போனாய். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும். பத்து நாள் கழித்து நான் பின்னாலேயே வந்து பார்த்தேன். கல்யாணம் ஆகாத பெண் வாந்தி எடுத்தால் நம் ஊரில் அதற்கு ஒரே பேர்தான். அந்த டப்பாவில் நீ விரலைப் பொறுக்கிப் போட்டதைப் பார்த்த எனக்கே வேறு பேர் தோன்றவில்லை. “எத்தினி நாளு தள்ளிப் போயிருக்குடி?” என்று கேட்டேன்.

“அய்ய, அதெல்லாம் இல்லடி. மூடியத் தொறந்தா எனக்கு சோறு தெரியல, அதுதான் தெரியுது. முழுங்கினா தொண்டையில நகம் ஒரசற மாரி கீது. பயமா கீதுடி” என்றாய். முகம் கழுவிக்கொண்டு, “அம்மாகிட்ட சொல்லிடாத, எம்மேல சத்தியம்” என்றாய்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேச்சு உன் அம்மா காதுக்குப் போயிற்று. என் வீட்டுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “கண்ணு, எம்பொண்ணு இன்னாத்துக்கு வாந்தி எடுக்குது? ஒனக்குத் தெரியாம இருக்காது. ஒன் கால்ல வேணாலும் வுழறேன், சொல்லிடும்மா.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது சின்னம்மா” என்றேன்.

ஒரு வாய் சோறு இறங்காத உன்னைக் கதவைச் சாத்தி உட்காரவைத்து, எள்ளும் வெல்லமும் இடித்து வாயில் திணித்தாள். பப்பாளிக்காயை அரைத்து மூக்கைப் பிடித்து ஊற்றினாள். அப்புறம் நர்ஸிடம் கூட்டிப்போனபோது வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். பப்பாளி வேலை செய்துவிட்டது என்று உன் அம்மா சாமிக்குக் கற்பூரம் கொளுத்தினாள். கல்யாணத்துக்குக் காசு வேண்டுமே என்று தை மாதம் வரை உன்னை என்னோடு வேலைக்கு அனுப்பிவிட்டு, அவசர அவசரமாக மணிமங்கலத்துக்குக் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

அங்கே எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். எனக்கு வயிறு முட்டப் போடுவாய். “நீ சாப்புடுடி” என்றால், “அப்பவே ஆயிடுச்சு” என்பாய். கையைப் பிடித்தால் எலும்புதான் இருக்கும். கடைசியாகப் பார்த்த டாக்டர், மனசில் பட்ட அடியால்கூட இப்படிச் சாப்பாடு நின்றுபோகும் என்று சொன்னாராம். என்ன அடி என்று கேட்டதற்கு நீ வாயே திறக்கவில்லையாம். உன் மகள் சொன்னாள்.

பந்தி முடிந்ததும் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய் ஏழுமலையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். “அப்போ ஆயா கடைசி வரிக்கும் அம்மாவத் தப்பாதான் நெனச்சிக்கினு இருந்தாங்களா?” என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். “நீங்க ஏன் பெரிம்மா சொல்லல?”

“உங்கம்மா சத்தியம் வாங்கிட்டாம்மா” என்றேன். அவள் நம்பினாள். என் கையைத் தடவிக் கொடுத்தாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் எனக்கே நான் சொல்லிக்கொண்டு வந்த பதில்தான் அது. உன்னிடம் பொய் சொல்ல முடியாது. உன் அம்மாவிடம் சொல்லியிருந்தால் மறுநாளே உன்னை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பார்கள். அந்த ஏரிக்கரையில் விடிந்தும் விடியாத நேரத்தில் நான் ஒருத்தியாக நடந்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. வேறு ஒன்றுமில்லையடி, துணைக்கு நீ வேண்டியிருந்தது. உன் மகளிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் பயம்தான்.