வழி கேட்க மறுத்த டிரைவர்

ஜூன் 3

அன்புள்ள உனக்கு,

நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். நாலு பையன்கள் சொந்தமாக ஒரு சிரிப்புப் படம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு வாடகை வேன் ஓட்ட வந்திருக்கிறேன். நாலு நண்பர்கள் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிறார்கள், மண்டபம் எங்கே என்று ஒருவனுக்கும் தெரியாது. அதுதான் கதை.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து உன் தையல் மிஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தது தப்புதான். "எங்கேயாவது போய்த் தொலைங்க" என்று நீ சொன்னதும் தப்புதான்.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 7

டிரைவர் அவர்களுக்கு,

எங்கேயாவது என்றால் உங்கள் அண்ணன் வீட்டுக்கு, சினிமாவுக்கு இல்லை. பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள், இத்துடன் அனுப்புகிறேன். வீடு அமைதியாக இருக்கிறது. இந்த வாரம் பதினோரு ரவிக்கை முடித்தேன். ஒன்றில் வலது கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

இப்படிக்கு,
தையல்காரி

ஜூன் 11

அன்புள்ள உனக்கு,

மாத்திரை போட்டுக்கொண்டேன். இங்கே ஒரு தகராறு. டிரைவராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. டைரக்டர் பையன், எல்லாரும் ஒல்லி என்கிறார்கள், என்னையே நடிக்கச் சொன்னான். தலையாட்டிய பிறகுதான் காட்சியைச் சொல்கிறான்: டிரைவர் வழி தவறி, ஒரே பெட்ரோல் பங்கைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அங்கேயே வழி கேட்கிறாராம். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன் வழி கேட்பதா? முடியாது என்று இறங்கிவிட்டேன்.

"ஐயா, கேமரா மாசக் கடைசி வரைக்கும்தான் இருக்கும். நீங்க இல்லன்னா படமே இல்ல" என்றான் ஒல்லி. மற்ற காட்சிகளை எடுக்கிறார்கள். என்னிடம் யாரும் பேசுவதில்லை. நியாயத்தை நீயே சொல்.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 14

ஐயா டிரைவரே,

கல்யாணமான மறுவாரம் என்னை மோட்டார் சைக்கிளில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு மணி நேர வழி, நாலு மணி நேரம் ஆனது. குறுக்கு வழி என்றீர்கள். அதே தண்ணீர்த் தொட்டி மறுபடி மறுபடி வந்தது. எனக்கு வழி தெரியும். சொல்லவில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வந்தேன். சீக்கிரம் போய்ச் சேர மனசில்லை.

இத்தனை வருஷம் நான் மட்டும் சிரித்தது போதும். நடியுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 18

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைப் பையன்களுக்குப் படித்துக் காட்டியது என் புத்திகெட்டதனம். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். மறுநாள் கேமரா முன்னால் பங்கில் போய் வழி கேட்டேன், காதெல்லாம் சூடாகிவிட்டது. கேமரா பிடித்தவன் சிரிப்பில் குலுங்கியதால் ஐந்து தடவை கேட்க வேண்டியதாயிற்று.

இப்போது ஒல்லி கதையையே மாற்றிவிட்டான். முன்சீட்டில் டிரைவரின் மனைவி. வழி தெரிந்தும் வாயைத் திறக்காதவள். "அவங்களையே வரச் சொல்லுங்க ஐயா" என்கிறான். உனக்கு வேலை இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வந்தால் நன்றாக இருக்கும்.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 22

என்னங்க,

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். தைக்கக் கொடுத்தவர்களிடம் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறேன். நடிக்கவெல்லாம் வராது, உட்கார்ந்திருக்கிறேன். நீலப் புடவை போதுமா என்று அந்தப் பிள்ளையைக் கேட்டு வையுங்கள்.

படம் முடிந்ததும் பையன்களை அவரவர் வீட்டில் இறக்கிவிடுங்கள். வேன் திரும்பி வர இரண்டு நாள் தாமதமாகும் என்று வேன்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நாம் இரண்டு பேரும் கடல் பார்த்து ரொம்ப நாளாகிறது.

நான்