இரண்டாம் வரிசைக் காலி நாற்காலி

ஜனவரி 3

ஆசிரியர் தேர்வின் முதல் கட்டத்தில் தேறிவிட்டேன். அந்த மகிழ்ச்சி அன்று சாயங்காலம் வரைதான் தாங்கியது.

இனி இரண்டாம் கட்டம். ஆங்கிலப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். வகுப்பறை இருக்கும், பலகை இருக்கும், நாற்காலிகள் இருக்கும். பிள்ளைகள் மட்டும் இருக்க மாட்டார்கள். தேர்வாளர்கள் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து குறித்துக்கொண்டிருப்பார்கள். நான் காலி நாற்காலியைப் பார்த்துக் கேள்வி கேட்டு, அது பதில் சொன்னதாக நினைத்துத் தலையாட்டி, பாராட்டவும் வேண்டும். இப்படித்தான் இந்த நாட்டில் ஆசிரியர் ஆகிறோம்.

போன வருடம் இதில்தான் விழுந்தேன். ஏன் விழுந்தேன் என்று யாரும் சொல்வதில்லை. மதிப்பெண் மட்டும் வரும். இது மூன்றாவது தடவை. தேறினால் மார்ச்சில் பள்ளியில் வேலை. இதிலும் போனால் சொனான் நகரத்தில் சித்தியின் மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி போட்டே வைத்திருக்கிறாளாம். எங்கே போனாலும் நாற்காலிதான் என்னைத் துரத்துகிறது.

ஜனவரி 6

வாடகைப் படிப்பறையில், இதே தேர்வுக்குச் சேர்ந்து படிக்கிற நாங்கள் மூவரும் கூடினோம். மி-சுக் அக்காவுக்குப் பள்ளிக்குப் போகும் மகள் இருக்கிறாள். பல வருடம் கழித்துப் படிக்க வந்தவள், நாக்கு மட்டும் எப்போதும் கூர். கி-தே என்னைவிடச் சின்னவன், அவனுக்கு இது முதல் தடவை, அதனால் பயம் இல்லை. ஒருவர் நடத்தினால் மற்ற இருவரும் பின்னால் உட்கார்ந்து தேர்வாளர் முகம் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

என் பாடம் எண்ணெய் போட்ட சக்கரமாக ஓடியது. முடிந்ததும் கி-தே கைதட்டினான்.

“உங்க வகுப்புல ஒருத்தன்கூட தூங்கல அக்கா. கேள்வி முடியறதுக்குள்ள பதில் சொல்லிடுறாங்க.”

மி-சுக் அக்கா சிரிக்கவில்லை. “அதான் எனக்குப் பிடிக்கல. இவ பிள்ளைங்க எல்லாம் தேவலோகத்துலேர்ந்து வந்ததுங்க. ஒண்ணாவது முழிக்குதா? ஒண்ணாவது திணறுதா?”

“இல்லாத பிள்ளை எப்படிக்கா திணறும்?”

“இல்லாத பிள்ளை பதில் மட்டும் எப்படிச் சொல்லுது?”

எனக்குச் சுருக்கென்றது. வெளியே வரும்போது வரவேற்பு மேசைப் பெண் வேறு, “உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? ஒரே பாராட்டாக் கேக்குதே, மூணு பேருக்குத்தான் பதிவு இருக்கு” என்றாள்.

ஜனவரி 8

தூக்கத்தில் “மிக நன்று, அடுத்தவர்” என்று ஆங்கிலத்தில் சொன்னேனாம். அம்மா சொல்கிறாள்.

ஜனவரி 9

இன்றும் ஒத்திகை. ஒரு கேள்விக்குப் பிறகு வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். முடியவில்லை. அறை அமைதியானதும் நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன். அமைதி என்றால் நான் வசனத்தை மறந்துவிட்டேன் என்று நினைப்பார்களே? போன வருடம் எனக்கு முன்னால் போன பெண் மறந்து நின்றாள், அழுதுகொண்டே வெளியே வந்தாள். அந்த முகம் போகவே மாட்டேன் என்கிறது.

வேடிக்கை என்னவென்றால் இதையெல்லாம் படித்துத்தான் இருக்கிறேன். வாக்கியத்தைக் கிளை கிளையாகப் பிரித்து மரம் வரைவேன். நாக்கு எங்கே தொட்டால் என்ன ஒலி என்று படம் போடுவேன். தாய்மொழியில் பேசுகிறவன் கண் மூடித் திறப்பதற்குள் பதில் சொல்வான், அந்நிய மொழியில் பேசுகிறவன் தேட வேண்டும், ஆசிரியர் பொறுக்க வேண்டும் — இதை முதல் கட்டத்தில் ஒரு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். ஏட்டுச் சுரைக்காய்.

ஜனவரி 12

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மதியம் அம்மா பாசித்தாளில் சோற்றை வைத்துக் கிம்பாப் சுற்றிக்கொண்டு படிப்பறைக்கே வந்துவிட்டாள். கொடுத்துவிட்டுப் போகிறவளைக் கி-தே விடவில்லை. “உட்காருங்கம்மா. இன்னிக்காவது எங்களுக்கு ஒரு நிஜப் பிள்ளை கிடைக்கட்டும்!”

அம்மா கூச்சத்தோடு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் சாப்பாட்டுப் பை. அவள் ஆங்கிலம் நடுநிலைப் பள்ளியோடு நின்றது. அதற்குப் பிறகு காய்கறி நறுக்கி, பொரியல் விற்று என்னைப் படிக்க வைத்தாள்.

பாடம், வருங்காலத் திட்டங்களைப் பற்றிப் பேசுவது. ‘மார்ச்சில் என்ன செய்யப் போகிறாய்?’ என்று முதல் நாற்காலியைக் கேட்டேன், பாராட்டினேன். அடுத்த நாற்காலி, பாராட்டினேன். பிறகு அம்மா.

அம்மா எழுந்து நின்றாள். அவள் காலத்தில் எழுந்து நின்றுதான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. உதடு அசைந்தது. கூரையைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. பின்னால் மி-சுக் அக்காவின் பேனா காகிதத்தில் கீறுவது கேட்டது. எனக்குக் காது அடைத்தது — ‘ஊர் சுற்றப் போகிறீர்கள், இல்லையா? அருமை!’ என்று நானே சொல்லிவிட்டு மூன்றாம் வரிசைக்குப் போய்விட்டேன்.

அம்மா மெல்ல உட்கார்ந்தாள்.

முடிந்த பிறகு மி-சுக் அக்கா என்னைத் தனியே இழுத்து, “கவனிச்சியா? காலி நாற்காலியையும் உங்கம்மாவையும் ஒரே மாதிரிதான் நடத்தினே” என்றாள்.

பேருந்தில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். “நான் சொல்லத்தான் வந்தேன். வார்த்தை வாசல் வரைக்கும் வந்துடுச்சு. நீ கதவைச் சாத்திட்ட.”

“என்னம்மா சொல்ல வந்தே?”

“போடி. இனிமே சொல்ல மாட்டேன்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜனவரி 15

காத்திருக்கப் பழகுகிறேன். அரிசி கழுவும்போது, சிவப்பு விளக்கில் நிற்கும்போது. கேள்வியை மனதுக்குள் கேட்டுவிட்டு வாயைப் பூட்டிக்கொள்கிறேன். மூச்சு முட்டுகிறது.

ஜனவரி 20

பிறந்த நாள். நாளைக்குத் தேர்வு. எந்த நேரத்தில் பிறந்தேனோ.

எங்கள் வழக்கத்தில் பிறந்த நாளென்றால் கடற்பாசி சூப். தேர்வென்றால் அதைத் தொடவே கூடாது, பாசி வழுக்கினால் ஆளும் தேர்வில் வழுக்குவாளாம். அம்மா இரண்டு நாளாக இதே குழப்பத்தில் இருந்தாள்.

“நான் மொழியியல் படிச்சவம்மா. இதையெல்லாம் நம்ப மாட்டேன்.”

“நீ நம்பாட்டி என்ன? பாசிக்கு அது தெரியுமா?”

கடைசியில் பசையரிசிக் கொழுக்கட்டைதான் கிடைத்தது. இதைத் தின்றால் தேர்ச்சி ஒட்டிக்கொள்ளுமாம். வாயெல்லாம் ஒட்டியது. நாளைக்குப் பேச வேண்டிய வாய் இது, அம்மா.

ஜனவரி 21

முடிந்தது.

யார் எப்போது உள்ளே போவதென்று சீட்டு எடுத்தோம். எனக்குக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால். கைபேசியை வாங்கி வைத்துவிட்டார்கள். மணிக்கணக்கில் ஒரு கூட்டமே உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆறிப்போன சோற்றை இரண்டு வாய் தின்றேன், இறங்கவில்லை.

கொடுத்த பாடம், வழி கேட்பதும் சொல்வதும். உள்ளே போனேன். மூன்று தேர்வாளர்கள், மூன்று கல். தொடக்கம் நன்றாகவே போனது. முதல் வரிசையில் ஒரு கேள்வி, ஒரு பாராட்டு. பிறகு என் கண் இரண்டாம் வரிசைக்குப் போனது. காலி நாற்காலி. சத்தியமாகச் சொல்கிறேன், கையில் சாப்பாட்டுப் பையோடு அம்மா எழுந்து நின்றாள்.

‘நூலகத்துக்கு எப்படிப் போக வேண்டும்?’ என்று கேட்டேன். நிறுத்தினேன்.

அறை அமைதியானது. நடுவில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். சொல்லிவிடு, சொல்லிவிட்டு நகர்ந்துவிடு என்று உள்ளே ஒருத்தி கத்துகிறாள். நான் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பலகையில் இருந்த வரைபடத்தைக் கையால் காட்டினேன். வாயைத் திறக்கவில்லை. அவள் தேடட்டும். கதவு திறந்தே இருக்கட்டும்.

பிறகு தலையாட்டினேன். ‘ஆமாம், நேராக. அப்புறம்?’ மறுபடியும் காத்திருந்தேன்.

அதன் விலை: மணி அடித்தபோது பாடத்தைத் தொகுத்து முடிக்கவில்லை. முடிப்புக்கென்று தனி மதிப்பெண் உண்டு. வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். என்னடி செய்துவிட்டாய்?

ஜனவரி 23

நேற்று நேர்காணலும் முடிந்தது. அதில் என்ன பேசினேன் என்றே நினைவில்லை.

இன்று மூவரும் சாப்பிடப் போன இடத்தில் கி-தே கேட்டான்: “எவ்வளவு நேரம்க்கா சும்மா நின்னீங்க?” எனக்கெப்படித் தெரியும்? ஒரு யுகம். “அச்சச்சோ” என்றான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். மி-சுக் அக்கா என் தட்டில் இறைச்சியை எடுத்து வைத்தாள். அவள் அன்பாக இருந்தாலே பயமாக இருக்கிறது.

ஜனவரி 31

சித்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். கடைக்குப் புதுக் கண் பரிசோதனை இயந்திரம் வந்திருக்கிறதாம். “சும்மா வந்து பாரேன்” என்கிறாள்.

பிப்ரவரி 4

வசனத்தை மறந்து நின்றாள் என்றுதான் தேர்வாளர்கள் எழுதியிருப்பார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பிப்ரவரி 8

காலையில் சமையலறைக்குப் போனால் பாத்திரத்தில் கடற்பாசி ஊறிக்கொண்டிருக்கிறது.

“இன்னிக்குத்தானேம்மா முடிவு!”

“தேர்வு முடிஞ்சாச்சு. இனிமே வழுக்க என்ன இருக்கு? பிறந்த நாள் சாப்பாடு பாக்கி நிக்குது.”

பத்து மணிக்கு முடிவு. என்னால் பார்க்க முடியவில்லை. என் தேர்வு எண்ணைத் தட்டிவிட்டு, கைபேசியை அம்மாவிடம் நீட்டிவிட்டேன். அவள் ஈரக்கையைத் துடைத்து, வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடி மாட்டி, திரையைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பேசவில்லை.

அடுப்பில் சூப் கொதிக்கும் சத்தம் மட்டும். அவள் உதடு அசைந்தது. கூரையைப் பார்த்தாள். கைபேசியைப் பிடுங்கிவிடலாம். போயிடுச்சா, சொல்லித் தொலை என்று கத்திவிடலாம். ஆனால் அந்த முகம் எனக்குத் தெரியும். இரண்டாம் வரிசையில் எழுந்து நின்ற முகம். வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ஆங்கிலத்தில் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

“மார்ச்சில்... என் மகள்... பாடம்... சொல்லிக்கொடுக்கப் போகிறாள்.”

பிறகு எங்கள் மொழியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு: “அன்னிக்கே இதைத்தான்டி சொல்ல வந்தேன்.”

அந்த ஆங்கில வாக்கியத்தில் இரண்டு பிழை இருந்தது. நான் திருத்தவில்லை. சூப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, இரண்டு பேரும் நகரவில்லை.