வடிகட்டாத மாங்காய்ப் பானகம்

மாப்ளே,

இன்று காலை எங்கள் வீட்டு அடுப்படியில் மாங்காய்த் தோல் கருகும் வாசம் எழுந்தது. கேஸ் அடுப்பின் தீயில் மாங்காயை நேராக வைத்துத் திருப்பித் திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்தேன். சாறு கசிந்து பர்னர்மேல் சொட்டிப் பொசுங்கியது. குளித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி ஈரத்தலையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அவிய மாங்கா சுடுத வாசம்லா வருது. அண்ணன் வந்துட்டாகளோன்னு பாத்தேன்" என்றாள். நீ இறந்துபோனதை ஒரு நிமிஷம் மறந்து உன்னைத்தான் சொல்லியிருக்கிறாள்; தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பிப் போனாள்.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. பிறகுதான் அழுகை. இன்றைக்கும் அந்த வரிசைதான்.

மே மாதம் பிறந்தால் ராஜபாளையத்தில் நாம் குடியிருந்த வளவு வீடுகளே காலியாகிவிடும். என் வீட்டுக்காரி பிள்ளைகளோடு மகாராஜபுரத்துக்கும், உன் வீட்டுக்காரி மகளோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தாய்வீடு போய்விடுவார்கள். நூல் மில்லில் மிஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த நானும், பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்த நீயும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் அநாதைகளாக நிற்போம். முதல் வருஷம் ஓட்டல் சாப்பாடு. அதில் வயிறு கெட்டுப்போய், இருவரும் மாறி மாறி ஒரே கக்கூஸ் வாசலில் காத்துக் கிடந்தோம். அன்றைக்குச் சொன்னாய், "ஓட்டல்காரன் நம்ம வயித்தை வாடகைக்கா எடுத்திருக்கான்? நாளையிலருந்து நம்மளே பொங்குறோம்லே."

உனக்குச் சமையலில் ஒரே ஒரு சட்டம்தான். "சந்தையில எது குமிஞ்சு கெடக்கோ அதான் சமையல்." குவிந்து கிடப்பது மலிவாகவும் இருக்கும், அந்தப் பருவத்துக்கு உடம்பு கேட்பதாகவும் இருக்கும் என்பாய். வெள்ளரிக்காய் குவிந்திருந்தால் பொடியாக நறுக்கித் தயிரில் போட்டு, பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து, தாளிக்காமலே பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வோம். தர்பூசணி என்றால் சிவப்பு நமக்கு, வெள்ளை குழம்புக்கு. மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு, மிச்சமிருக்கும் வெள்ளைச் சதையைப் பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றுவாய். சுரைக்காயா பூசணியா என்று யாருக்கும் பிடிபடாது. வீட்டுச் சொந்தக்கார அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தோம். வீட்டில் தெலுங்கு பேசுகிற அவர், நாக்கில் வைத்ததும் தன்னை மறந்து "பாகுந்தி" என்றார். நன்றாயிருக்கிறது என்று நம்மிடம் அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். அன்று முழுக்க நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வளவுக்குள் நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் உன் பெயரைச் சொல்வது மாங்காய்ப் பானகம்தான். செண்பகத்தோப்புப் பக்கத்துத் தோப்புகளில் காற்றுக்கு உதிர்ந்த நாட்டு மாங்காயைச் சாக்கில் கொண்டுவந்து கொட்டி விற்பார்கள். அடிபட்டது, நார் மிகுந்தது, ஊறுகாய்க்கு ஆகாதது. ஆகவே சல்லிசு. தணலில் சுட்டு, சதையைப் பிசைந்து, கருப்பட்டி கரைத்த தண்ணீரில் கலந்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு. மில்லில் பஞ்சுத் தூசிக்குள் நின்றுவிட்டு வந்த தொண்டைக்கு அது இறங்குவதே ஒரு சுகம்.

மகளைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடலை ஆரம்பித்தேன். உன் மகள் மாசமாக இருக்கிறாள், மாப்ளே. நீ போன பிறகு தாய்வீட்டுப் பக்கமே குடிபோய்விட்ட அம்மாவிடம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருக்கிறாள். மசக்கை அவளைப் பாடாய்ப் படுத்துகிறது. சோறு, கஞ்சி, இளநீர் எதுவும் உள்ளே நிற்கவில்லை. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப் ஏற்றியாகிவிட்டது. ஊசி என்றால் அவள் சின்ன வயதில் எப்படி ஊரைக் கூட்டுவாள் என்று உனக்குத் தெரியும். போன வாரம் போனில் என்னிடம், "மாமா, அப்பா வைக்கிற மாங்காய்ப் பானகம் குடிச்சா நிக்கும்னு தோணுது" என்றாள். குரலே எழும்பவில்லை.

கூடவே நின்று மாங்காய் சுட்டவன் நான்தானே, எனக்குத் தெரியாதா என்ற மிதப்பில் செய்தேன். பிள்ளைத்தாச்சிக்கு என்று கருகல் ஒரு பொட்டு இல்லாமல் சுரண்டி, நாரை எல்லாம் எடுத்து, டீ வடிகட்டியில் இருமுறை வடித்து, பளிங்குபோல் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இது அப்பா பானகம் இல்ல" என்றாள். அடுத்த நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. எல்லாவற்றையும் வாய் ஓயாமல் பேசினவன் இதை மட்டும் சொல்லாமல் போய்விட்டாயே என்று. மிளகு போட்டாயா, எலுமிச்சை இலை கிள்ளிப் போட்டாயா என்று வாரம் முழுக்க மண்டையைக் குடைந்தேன்.

இன்று காலை மறுபடி சுட்டுப் பிசைந்து முடித்தபோது, என் வீட்டுக்காரி வடிகட்டியைக் கழுவி என் கையில் கொடுத்தாள். அதை வாங்கியதும்தான் அந்தத் துணி ஞாபகம் வந்தது. நின்ற இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வருஷம் நம்மிடமிருந்த வடிகட்டி ஓட்டையாகிவிட்டது. நீ சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு துண்டு பேண்டேஜ் துணி கொண்டுவந்தாய். "ஆஸ்பத்திரிக்கே போற துணி. பானகத்துக்கு ஆகாதா?" என்று நாலு மடிப்பாக மடித்துப் பாத்திரத்தின் வாயில் கட்டினாய். பானகத்தை ஊற்றினாய். அது இறங்கவே இல்லை. துணிமேல் அப்படியே தேங்கி நின்றது. நாம் இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தறியிலிருந்து இறங்கி இன்னும் வெளுக்காத துணியை எடுத்து வந்திருக்கிறாய். வெளுக்காத துணி தண்ணீர் குடிக்காது. துணித் துண்டைத் தண்ணீரில் போட்டு, முங்குகிறதா மிதக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் கம்பெனியில் உன் வேலையே. அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிற ஆள் செய்த காரியம் அது.

பொறுமை இல்லாமல் துணியை அழுத்தினாய். முடிச்சு நழுவி, நாரும் தோலும் கருகலும் எல்லாம் தொபுக்கென்று பாத்திரத்துக்குள் விழுந்து, பாதி உன் பனியன்மேல் தெறித்தது. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். நீ பனியனைப் பார்த்தாய், பாத்திரத்தைப் பார்த்தாய், துணியைத் தூக்கி எறிந்தாய்.

"ஏலே, சிரிக்காத. பல்லு எதுக்கு இருக்கு? கடிச்சுக் குடி."

குடித்தோம். நாரில் ஒட்டியிருந்த புளிப்பும், கருகிய தோலின் லேசான கசப்பும், நடுநடுவே கரையாத கருப்பட்டித் துணுக்கும். அதற்கப்புறம் நாம் வடிகட்டவே இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் ஊரிலிருந்து வரும் மகளுக்கு முதல் டம்ளர் அதுதான். அதைத்தான் அவள் நாக்கு வைத்திருக்கிறது. நான்தான் பெரிய சுத்தக்காரனாகி அதிலிருந்து உன்னை வடித்து எறிந்திருக்கிறேன்.

வடிகட்டியை வைத்துவிட்டு, அப்படியே தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டு வாசலிலேயே உன் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "நேத்து தண்ணிகூட நிக்கலண்ணே. இன்னைக்கும் இப்படியே இருந்தா சாயந்தரம் ஆஸ்பத்திரியில வந்து சேந்துருங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக." பை எடுத்து வைத்தாகிவிட்டது. உள்ளே உன் மகள் சுவரோரம் துவண்டு படுத்திருந்தாள்.

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்தாள். வாயை அசைத்தாள். மெல்லுகிறாள் என்று கண்டதும் தூக்குவாளியை இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். இன்னொரு மடக்கு. பிறகு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன, ரெண்டு பேரும் என்னயவே பாக்கிய?" என்றாள். பிறகு, "இதான் மாமா" என்றாள்.

டம்ளர் காலியாயிற்று. அவள் ஓடவில்லை. மத்தியானம் வெள்ளரிக்காய்த் தயிரோடு நாலு வாய் சோறும் இறங்கியது. உன் வீட்டுக்காரி போய், எடுத்து வைத்த துணிகளைப் பையிலிருந்து திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

"நாரோட வைக்கணும்னு அப்பாவுக்கு யாரு மாமா சொல்லிக் குடுத்தா? கேட்டா, நாருலதான் சத்து இருக்கு, பழைய பக்குவம்னு சொல்லுவாக" என்றாள் மகள்.

பழைய பக்குவமாம். அடப்பாவி. நான் துணிக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். பனியன் வரைக்கும். உன் வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் மாமா, வலிக்கி" என்று சிரித்தாள். நீ போன நாளிலிருந்து அந்த வீட்டில் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கு உன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

நாளைக்கும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். சாக்கு மாங்காய் வந்தால் எடுத்து வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். மிச்சமிருந்ததை நானும் ஒரு டம்ளர் குடித்திருந்தேன். ராஜபாளையம் வந்து இறங்கும்வரை கடைவாய்ப் பல்லில் மாங்காய் நார் ஒன்று சிக்கிக்கொண்டு உறுத்தியது. நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இதை எழுதும் இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது. எடுக்க மனசு வரவில்லை.