கட்டு அவிழ்த்த கால்கள்

மூத்தவளுக்கு,

வயிற்றுத் தையல் ஆறிவிட்டது. கஞ்சி இறங்குகிறது.

ஃபூச்சோ ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது நீ வெள்ளையில் நின்றாய். "நான் இன்னும் சாகலடி! அதுக்குள்ள துக்கத் துணியா?" என்று கத்தினேன். வார்டே சிரித்தது.

"நர்ஸ் படிக்கிறவங்க உடுப்பே இதுதான்ப்பா. கத்தினா தையல் பிரிஞ்சிடும், பேசாம படுங்க" என்றாய். என்னை அதட்ட உன் அம்மாவுக்கே துணிச்சல் வந்ததில்லை.

பாதம் வளராமல் சிறுத்திருக்க நம் சீனப் பெண்களுக்குக் கட்டும் கால்கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டு நீ இந்தப் படிப்புக்குப் போன நாளிலிருந்து, எனக்கு ஒரே மகள், உன் தங்கை மட்டும்தான் என்று ஊரில் சொல்லிவந்தேன். அந்தக் கால்களோடுதான், யார்யாரோ ஆண்களின் சீழைத் துடைக்க நீ கட்டிலுக்குக் கட்டில் ஓடினாய். பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

இக்கடிதத்தைக் கொண்டுவருபவள் உன் தங்கை யூசின். உன் பள்ளியில் சேர்த்துவிடு. அவள் கட்டுகளைப் போன மாதம் நானே அவிழ்த்தேன். இப்போதைக்கு மெதுவாகத்தான் நடப்பாள். ஓடப் பழக்கு.

இரண்டு பெண்களின் அப்பன்