கைச்சூடு

அன்புள்ள அத்தைக்கு, உங்கள் மருமகள் வணங்கி எழுதுவது. முட்டிவலி தேவலையா? பாப்பா அடம் பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

"என் பிள்ளையை எந்தக் காய்ச்சல் கொண்டுபோச்சு?" என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் தெரியவில்லை அத்தை. அவருக்குக் கடைசியாக எடுத்த ரத்தத்தில் தெளிந்த நீரை மட்டும் பிரித்து, நான் துடைக்கிற லேபிலேயே சின்னக் குப்பியில் உறைய வைத்திருக்கிறார்கள். நேற்று உறைபெட்டியில் பனி சுரண்டும்போது ஒரு குப்பியில் அவருடைய நம்பரைப் பார்த்துவிட்டேன். பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை. குளிருமே என்று கைக்குள் பொத்திக்கொண்டேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் உள்ளே டக்கென்று, அவர் சொடக்கு எடுக்கிற மாதிரியே ஒரு சத்தம். நானும் "என்னங்க?" என்றுவிட்டேன்.

லேப் பெண் ஓடிவந்தாள். "அக்கா, என்ன பண்றீங்க! சூடு பட்டா வேற கிருமி வளந்து கலங்கிடும். அப்புறம் எந்த வைரஸ்னு கண்டே பிடிக்க முடியாது. இருக்கறது இந்த ஒண்ணுதான்!"

"குளிருமேன்னுதாம்மா..."

அவள் அதற்கப்புறம் திட்டவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கலங்கவில்லை. கிருமி வளராமல் இருக்க ரெண்டு சொட்டு மருந்து விட்டுத் திரும்ப உறைய வைத்தாள். அவரைக் கொன்ற வைரஸ் மட்டும் அந்த மருந்துக்குக் கெடாமல் இருக்குமாம். திங்கட்கிழமை பரிசோதனை.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது, நிறுத்துகிறேன். தடித்த கையுறை ஒரு ஜோடி அனுப்புங்கள் அத்தை. இங்கே தருவது மெல்லிசு. அதைப் போட்டிருந்தும் என் கைச்சூடு அவருக்குத் தெரிந்துவிட்டது.